44 கிலோ உடம்புக்குச் சர்க்கரை எப்படி வந்தது

2015 மார்ச்சில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 286 என்று வந்தபோது என் எடை 44 கிலோ. உயரம் 152 செ.மீ., வயது 36. ரிப்போர்ட்டைக் கொடுத்த லேப் பெண்ணே "உங்களுதுதானாக்கா இது?" என்று பேரை இன்னொரு தரம் சரிபார்த்தாள். மாறிப்போயிருக்கும் என்று நானும் நம்பி மறுநாள் வேறொரு லேபில் கொடுத்தேன். வெறும் வயிற்றில் 171. வெறும் வயிற்றில் 126 தொட்டாலே அது சர்க்கரை நோய்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எனக்குப் பென்னாகரம் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம், கல்யாணத்துக்குப் பிறகு ஓசூர். எங்கள் சனங்களுக்குச் சர்க்கரை என்றால் வசதியானவர்களுக்கு வருவது, தொப்பை போட்டவர்களுக்கு வருவது. எலும்பும் தோலுமாக இருக்கிற நமக்கு அது எட்டிப் பார்க்காது என்பதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. இந்தப் பத்து வருஷத்தில் எங்கள் சொந்தத்திலேயே ஏழு பேருக்கு வந்துவிட்டது, அதில் ஐந்து பேர் ஒல்லி. ஐந்து பேருக்கும் அக்கம்பக்கத்தில் கிடைத்த யோசனை ஒன்றுதான்: சாப்பாட்டைக் குறை. அந்த யோசனையைக் கேட்டு நடந்ததில் எனக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பார்த்த இடத்தில் கிளிமிபிரைடு மாத்திரையும் அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்தார்கள். எடையைக் குறைக்கவும், அரிசியைக் குறைக்கவும், இரவில் இரண்டு சப்பாத்தி. என் எடையைப் பார்த்து எழுதிய தாள் இல்லை அது, 90 கிலோ இருப்பவருக்கும் அதே தாள்தான். நான் பயந்துபோயிருந்தேன், அதனால் தாளில் இருந்ததற்கு மேலேயே செய்தேன். காலையில் ஒரு டம்ளர் ராகிக் கூழ், மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, ராத்திரி இரண்டு சப்பாத்தி, வெள்ளிக்கிழமை விரதம் வேறு. ஏழு மாதத்தில் 39 கிலோவுக்கு வந்தேன். சாப்பிட்ட பிறகு எடுக்கிற சர்க்கரை இறங்கியது, வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் 150-க்குக் கீழே வரவே இல்லை. மாடிப்படி ஏற முட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது, பார்க்கிறவர்கள் எல்லாம் "சர்க்கரை ஆளை உருக்கிடுச்சு பாரு" என்றார்கள், உருக்கியது சர்க்கரை மட்டுமில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வெறும் வயிற்றோடு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பியவள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பூ விற்கிற அம்மா ஒருவர் டீக்கடையில் சர்க்கரை வாங்கி வந்து வாயில் போட்டார். அதற்கப்புறம் பக்கத்து கிளினிக்கில் பார்த்தபோதே 58தான் இருந்தது.

அந்த வகை மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினை வெளியே தள்ளும், வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது. அதைப் போடுகிறவர்கள் ஒரு வேளைகூடச் சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது. விரதம், கோயில் நடைப்பயணம் என்று ஏதாவது இருந்தால் டாக்டரிடம் முன்னாலேயே சொல்லி மாத்திரையை மாற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். யாராவது ஒருவர் இதை எனக்கு முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

எனக்கு விஷயம் புரிந்தது என்னால் இல்லை, என் மாமன் மகனால். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை பார்த்தவன், 2017-ல் அவனுக்கு வயது 24, உயரம் 165 செ.மீ., எடை 42 கிலோ. சர்க்கரை 400-க்கு மேல். இந்த வயதில், இந்த உடம்பில் வந்தால் டைப் 1, அதாவது கணையம் இன்சுலின் சுரப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிடுகிற வகை, என்று சொல்லி ஓர் இடத்தில் இன்சுலின் நிறையப் போட்டு அனுப்பினார்கள், அதிலிருந்து ராத்திரி ராத்திரி லோ சுகர், ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்துவிட்டான். என் தம்பி மாதிரிதான் அவன். வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம், அம்மாவும் கூட வந்தார். அங்கே பார்த்த டாக்டருக்கு ஒரு விஷயம் உறுத்தியது: டைப் 1 என்றால் இவ்வளவு சர்க்கரைக்குச் சிறுநீரில் கீட்டோன் (இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாவது) வந்திருக்க வேண்டும், இவனுக்கு வரவில்லை. உடம்பே தன் கணையத்தைத் தாக்குகிறது என்று காட்டுகிற, டைப் 1-ல் வழக்கமாக இருக்கும் எதிர்ப்பொருள்களும் ரத்தத்தில் இல்லை. சி-பெப்டைடு என்று ஒரு டெஸ்ட், நம் கணையம் சொந்தமாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டுவது, அது குறைவாக இருந்தது, அடியோடு இல்லாமல் போகவில்லை. உடம்பும் இன்சுலினை எதிர்க்கவில்லை, கொஞ்சம் கொடுத்தாலே வேலை செய்தது. சின்ன வயதில் சரியாகச் சாப்பாடு கிடைக்காதவர்களுக்கு வருகிற சர்க்கரை இது, 1955-லேயே ஜமைக்காவில் ஹியூ-ஜோன்ஸ் என்ற டாக்டர் இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார், உலக சுகாதார நிறுவனம் 1985-ல் இதைத் தனி வகையாகப் பட்டியலில் சேர்த்து 1999-ல் எடுத்துவிட்டது என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். இன்சுலின் அளவைக் குறைத்து, சாப்பாட்டைக் கூட்டி எழுதிக் கொடுத்தார்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் டாக்டர் நிஹால் தாமஸ் குழுவும் அமெரிக்காவிலிருந்து டாக்டர் மெரிடித் ஹாக்கின்ஸும் சேர்ந்து இப்படிப்பட்ட ஒல்லி நோயாளிகளை ஆராய்ந்து, இது டைப் 1-ம் இல்லை, பெரும்பாலானவர்களுக்கு வருகிற டைப் 2-ம் இல்லை என்று 2022-ல் வெளியிட்டார்கள். 2025 ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதற்கு டைப் 5 என்று பேர் வைத்தது. செய்தியைப் படித்ததும் தம்பிக்குத்தான் முதலில் போன் செய்தேன். எட்டு வருஷமாக "உனக்கு என்ன வகை?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இருந்தவன் அவன்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். ஒல்லியாக, சின்ன வயதில் சர்க்கரை வந்த எல்லோருக்கும் டைப் 5 என்று அர்த்தமில்லை. டைப் 1 ஆக இருந்து இன்சுலினை நிறுத்தினால் உயிரே போய்விடும். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக இன்சுலினைக் குறைக்கக் கூடாது. "சி-பெப்டைடு பார்க்கலாமா, எதிர்ப்பொருள் டெஸ்ட் எடுக்கலாமா" என்று டாக்டரிடம் கேளுங்கள், அது போதும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். தம்பியைப் பார்த்து முடித்த பிறகு டாக்டர் என்னைப் பார்த்து "நீங்க பொறக்கும்போது எத்தனை கிலோ?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? அம்மாதான் பதில் சொன்னார். "எடை யாரு போட்டாங்க சார், முறத்துல போட்டா பாதி முறம் காலியாக் கெடந்துச்சு." 1979. அப்பா பெங்களூரில் கட்டட வேலை, பணம் வந்தால் உண்டு. மழை சரியில்லாத வருஷம், ஒரு வேளைக் களி, அதற்குப் புளிச்சாறு. ஒன்பதாம் மாதம் வரைக்கும் அம்மா கடலைக்காட்டில் குனிந்து நிமிர்ந்திருக்கிறார். களி கிடைத்த நாளிலும் ஆயா, அதாவது பாட்டி, "நெறையத் தின்னா புள்ள பெருத்துடும், பெத்தெடுக்க முடியாது" என்று தட்டை நகர்த்திவிடுமாம். பிரசவத்தில் செத்துப்போன பெண்களைப் பார்த்திருந்த ஆயாவுக்கு அந்தப் பயம் இருந்திருக்கும், ஆஸ்பத்திரி அப்போது அவ்வளவு தூரம்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். வயிற்றில் இருக்கும்போது சத்துப் போதாவிட்டால் குழந்தை இருப்பதை வைத்து மூளையைக் காப்பாற்றும், மற்றதெல்லாம் அப்புறம்தான். கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்கள் குறைவாக அமையும், தசை குறைவாக அமையும், சிறுநீரகத்தில் வடிகட்டிகள் குறைவாக அமையும். அந்த வடிகட்டிகள் பிறப்பதற்கு முன்னால் எத்தனை உண்டாயினவோ அத்தனைதான், பின்னால் புதிதாக வராது. கிடைக்கிற கொஞ்சத்தைக் கொழுப்பாகச் சேர்த்து வைக்கவும் உடம்பு பழகிக்கொள்ளும். வெளியே பஞ்சம்தான் காத்திருக்கிறது என்று நினைத்து அதற்கு ஏற்ற மாதிரித் தயாராகி வருகிற உடம்பு. 1992-ல் இங்கிலாந்தில் நிக்கோலஸ் ஹேல்ஸ், டேவிட் பார்க்கர் என்ற இரண்டு பேர் இதை முன்வைத்தார்கள். ஹெர்ட்ஃபோர்டுஷயரில் செவிலியர்கள் பழைய காலத்தில் எழுதி வைத்திருந்த பிறந்த எடையைத் தேடியெடுத்து, அந்தக் குழந்தைகள் அறுபது வயது தாண்டியபோது சர்க்கரையைச் சோதித்துப் பார்த்ததில், சின்னதாகப் பிறந்தவர்களுக்குத்தான் அதிகம் வந்திருந்தது.

நம் ஊர் ஆதாரமும் இருக்கிறது. புனே கே.இ.எம். ஆஸ்பத்திரியின் டாக்டர் யாஜ்னிக் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார். பிறந்த எடை அங்கே சராசரி 3.5 கிலோ, இங்கே 2.7. எடை இவ்வளவு குறைந்தும் முதுகுத் தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பு மட்டும் ஏறக்குறைய அதே அளவு, குறைந்ததெல்லாம் தசையும் உறுப்புகளும். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. இதைக் கேட்டதும் நான் என் வயிற்றைத்தான் தொட்டுப் பார்த்தேன். குச்சிக் கை, குச்சிக் கால், ஆனால் இடுப்புச் சுற்றளவு 82 செ.மீ. நம் பெண்களுக்கு 80-ஐத் தாண்டக் கூடாது, ஆண்களுக்கு 90. எடை மிஷின் சொல்லாததை ஒரு டெய்லர் டேப் சொல்லிவிட்டது.

பிறக்கும்போது பசி இருந்ததாலேயே எல்லாம் முடிந்துபோவதில்லை, இது முக்கியம். இரண்டாம் உலகப் போரின்போது, 1944-45 குளிர்காலத்தில், ஹாலந்தில் ஜெர்மன் ராணுவம் உணவைத் தடுத்த பஞ்சத்தின்போது தாய் வயிற்றில் இருந்தவர்களுக்கு ஐம்பது வயதில் சர்க்கரை ஏறியிருந்தது. ஆனால் அதே போரில் ரஷ்யாவின் லெனின்கிராடு முற்றுகையில் பிறந்தவர்களைப் பார்த்தால் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. ஹாலந்தில் பஞ்சம் சில மாதத்தில் முடிந்து சாப்பாடு தாராளமாகிவிட்டது, லெனின்கிராடில் அப்புறமும் கஷ்டம்தான், அதுதான் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். பஞ்சத்துக்குத் தயாரான உடம்புக்குத் திடீரென்று தாராளம் வரும்போதுதான் சிக்கல். எனக்கும் அதுதான் நடந்தது. ஊரில் இருந்த வரைக்கும் குடத்தில் தண்ணீர் சுமந்தேன், களை எடுத்தேன், களி தின்றேன். ஓசூரில் உட்கார்ந்தபடி பேக்கிங் வேலை, மூன்று வேளையும் சோறு, இடையில் டீயும் பன்னும். 2011-லிருந்து ரேஷனில் அரிசி விலையில்லாமல் வந்தது, எங்களை மாதிரிக் குடும்பங்களில் பசியை நிறுத்தியது அந்த அரிசிதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். அரிசி வந்த அளவுக்குப் பருப்பும் முட்டையும் தட்டுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் அம்மா ஆஸ்பத்திரித் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அப்ப நான் தின்னாததுதான் உனக்கு நோவா வந்துச்சா கண்ணு?" அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. இந்த விஷயத்தைப் பேசும்போது யாரும் யோசிக்காத பக்கம் இது. தட்டு நகர்த்தப்பட்டவரிடம் போய் ஏன் தின்னவில்லை என்று கேட்கிற மாதிரி ஆகிவிடும். உங்கள் வீட்டில் இதைப் பேசினால் அம்மாவை முதலில் உட்கார வைத்து, அவர் என்ன தின்றார் என்பதோடு அவருக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். நான் அன்றைக்கு அம்மாவிடம் பால்வாடி ஞாபகத்தைச் சொன்னேன். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு ஆரம்பித்தபோது எனக்கு மூன்று வயது, தட்டைத் தூக்கிக்கொண்டு என்னை அங்கே தினமும் இழுத்துப் போனது அம்மாதான்.

அப்புறம் என்ன மாற்றினேன் என்று சொல்கிறேன். முதல் வேலை, எடையைக் குறைப்பதை நிறுத்தி ஏற்ற ஆரம்பித்தது. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் வருகிற சர்க்கரையில் ஒரு பெரிய பங்கு தசைக்குள்தான் போக வேண்டும், தசையே இல்லாத உடம்பில் அது எங்கே போகும்? பட்டினி கிடந்து நான் கரைத்ததெல்லாம் அந்தத் தசையைத்தான். ஒரு நாளைக்கு 45 கிராம் புரதம் என்று கணக்குக் கொடுத்தார்கள், எழுதிப் பார்த்தால் அதுவரைக்கும் நான் தின்றது 25 கூட வராது. இரண்டு முட்டை 12 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7, கொள்ளோ மொச்சையோ தட்டைப்பயறோ ஒரு கிண்ணம் 7 அல்லது 8, அப்புறம் தயிர், வாரத்தில் இரண்டு நாள் மீன். தர்மபுரிக்காரர்களுக்கு இதில் எதுவும் புதுசு இல்லை, எல்லாம் காட்டில் விளைந்ததுதான். விற்றுவிட்டு அரிசி வாங்கப் பழகியிருந்தோம். ஒன்று மட்டும்: புரதத்தைக் கூட்டும் முன், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னதாகப் பிறந்தவர்களுக்குச் சிறுநீரகத்திலும் இருப்புக் குறைவு என்று சொன்னேன் இல்லையா, வருஷம் ஒரு தரம் அதையும் பிரஷரையும் பார்ப்பதை நான் விடுவதில்லை.

களியைப் பற்றிச் சொல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் விட மாட்டார்கள். ராகி நல்ல தானியம், கால்சியம் அதைப் போல வேறு தானியத்தில் கிடையாது. ஆனால் "களி தின்றால் சர்க்கரை ஏறாது" என்பது பொய். நானே குளுக்கோமீட்டரில் பார்த்தேன். பெரிய உருண்டை ஒன்றைப் புளிச்சாற்றோடு தின்ற அன்று இரண்டு மணி நேரம் கழித்து 231. பாதி உருண்டையை மொச்சைக்குழம்பு, கடைந்த கீரை, ஒரு முட்டையோடு தின்ற அன்று 158. நைசாக அரைத்து நீர்க்கக் காய்ச்சிய கூழ் இன்னும் சீக்கிரம் ஏற்றுகிறது, அதை நிறுத்திவிட்டேன். மிஷின் இருந்தால் மற்றவர் சொல்வதை விட்டுவிட்டு உங்கள் தட்டை நீங்களே இப்படிச் சோதித்துப் பாருங்கள்.

நடை மட்டும் போதாது என்பது எனக்கு லேட்டாகத்தான் தெரிந்தது. மணிக்கணக்கில் நடந்து இன்னும் இளைத்தேன். இப்போது சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடக்கிறேன், வாரம் மூன்று நாள் பாரம் தூக்குகிறேன். ஜிம் எல்லாம் இல்லை. நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கு ஒன்றாகத் தூக்குவது. ஊரில் குடம் சுமந்தபோது இருந்த தோள் திரும்பி வந்தது.

ரத்தசோகையும் இருந்தது, ஹீமோகுளோபின் 8.4. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் மூன்று மாத சராசரி காட்டுகிற ஹெச்பிஏ1சி உள்ளதைவிட ஏறிக் காட்டலாமாம், அதனால் அந்த ஒரு எண்ணை வைத்து மாத்திரையைக் கூட்டாமல் முதலில் ரத்தத்தைச் சரிசெய்தார்கள். இப்போது எடை 48, இடுப்பு 77, ஹெச்பிஏ1சி 6.7, மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும். இதற்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது.

எனக்கு முன்னறிவிப்பு இல்லாமலும் இல்லை. 2008-ல் இரண்டாவது பிள்ளைக்குக் கர்ப்பமாக இருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கலந்து குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் பார்த்தார்கள், 140-க்குள் இருக்க வேண்டியது 158 இருந்தது. பிரசவம் ஆனதும் சரியாகிவிட்டது, நானும் மறந்துவிட்டேன். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னால் நிரந்தரமாக வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம், பிரசவம் ஆகி ஆறு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு தரமும், அப்புறம் வருஷா வருஷமும் பார்க்க வேண்டும். ஏழு வருஷம் நான் பார்க்கவில்லை. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான், இப்போது வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். "நான் ஒல்லி, எனக்கு வேண்டாம்" என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

என் தங்கை மகளுக்கு 2022-ல் பிறந்த குழந்தை 2.3 கிலோ. 2.5-க்குக் கீழே என்றால் எடை குறைவுதான். அவள் மாமியார் நல்லவர், குழந்தையைக் கொழுகொழுவென்று ஆக்கிவிட வேண்டும் என்று சத்து பானப் பொடி, கிரீம் பிஸ்கட், சர்க்கரை போட்ட பால் என்று வாங்கிக் குவித்தார். நான் பஸ் ஏறிப் போய் அவரோடு ஒரு நாள் முழுக்கப் பேசினேன். டெல்லியில் பிறந்ததிலிருந்து தொடர்ந்து பார்க்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றி 2004-ல் வந்த ஆய்வை அவருக்குப் புரிகிற மாதிரிச் சொன்னேன்: இரண்டு வயது வரைக்கும் மெலிந்திருந்து, அப்புறம் பன்னிரண்டு வயதுக்குள் வேகமாகச் சதை போட்டவர்களுக்குத்தான் முப்பது வயதில் சர்க்கரை அதிகம் வந்தது, அவர்களில் பலர் அந்த வயதில் குண்டுகூட இல்லை. அந்த இரண்டு வயதுக்குள்தான் நன்றாக வளர்க்க வேண்டும், அதையும் சர்க்கரையால் வளர்க்கக் கூடாது. இங்கிலாந்தில் 1953 வரை சர்க்கரைக்கு ரேஷன் இருந்தது, கர்ப்பத்திலும் முதல் இரண்டு வருஷத்திலும் அந்த ரேஷனில் இருந்த குழந்தைகளுக்குப் பெரியவர்களான பிறகு டைப் 2 வருவது சுமார் 35 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2024-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் குழைத்த பருப்புச் சோறு, மசித்த முட்டை, கீரை, பால்வாடிச் சத்துமாவு. மாமியார் பொடி டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு முட்டை வாங்கி வந்தார்.

அடுத்த மாதம் தம்பியை மறுபடி வேலூருக்குக் கூட்டிப் போக வேண்டும், சி-பெப்டைடு பார்க்கிற தேதி. இப்போது அவன் 53 கிலோ. அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றை எனக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்: "எங்கம்மா என்னைச் சுமக்கும்போது என்ன தின்னுச்சோ தெரியல, அதுவும் இந்தக் கணக்குல சேருமான்னு கேக்கணும்."